தில்லையம்மாள் இருந்த விரதங்கள்

தில்லையம்மாள் இளைத்துக்கொண்டே போகிறாள் என்பது தெருவிலேயே முதலில் எனக்குத்தான் தெரிந்தது. அதில் என் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. அவளுக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்தவள் நான். தீபாவளிக்கு அளவெடுத்துத் தைத்ததைப் பொங்கல் முடிந்ததும் பிடித்துக் கொடுக்கச் சொல்லி எடுத்து வந்தாள். பிடித்துக் கொடுத்தேன். பங்குனியில் அதே ரவிக்கையோடு மறுபடியும் வந்து நின்றாள். "இன்னாமா, உன் துணி மட்டும் துவைக்கத் துவைக்க பெருசாவுதா?" என்று கேட்டேன். சிரித்தாள். சிரித்தபோது கன்னத்து எலும்புதான் முதலில் தெரிந்தது.

தெருவுக்கு அது இளைப்பாகத் தெரியவில்லை. "தில்ல மொகத்துல இன்னா களை பாத்தியா! விரதம் இருக்கறவ மொகமே தனி" என்றார்கள். ரத்தம் இல்லாமல் வெளுத்துப்போன முகத்தைப் பார்த்துக் களை என்று சொல்ல எங்கள் தெருவால்தான் முடியும். கோயில் மணி காதில் விழும் தூரத்தில் குடியிருப்பவர்கள் நாங்கள். ஒரு பெண்பிள்ளை சாப்பிடாமல் இருந்தால் எங்களுக்கு முதலில் தோன்றுவது பக்தி. வியாதியாக இருக்குமோ என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தோன்றும்.

நான் சொல்வது அறுபத்தெட்டு, அறுபத்தொன்பது வாக்கில். சின்ன காஞ்சிபுரத்தில் ஒரே வீட்டை மூன்றாகத் தடுத்து மூன்று குடித்தனம் இருந்தோம். முன்கட்டில் நான், நெசவாளர் சொசைட்டியில் வேலை பார்த்த என் வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகள், என் தையல் மிஷின். பின்கட்டில் சர்க்கரை வியாதிக்காரியான அங்கம்மாள், அவள் குடும்பத்தோடு. பக்கத்துச் சந்தில் வாசல் வைத்த ஒற்றை அறையில் தில்லையம்மாள், தனியாக. சந்துக்கு அந்தப் பக்கம் எல்லம்மாள் வீடு. இரண்டு தறி ஓடும் வீடு. அந்த வீட்டுச் சமையலறை ஜன்னல் நேராகத் தில்லையம்மாளின் வாசலைப் பார்த்திருக்கும். என் மிஷினை நான் ஜன்னலோரம் போட்டிருந்ததால் இரண்டும் எனக்குத் தெரியும். ஒட்டுக் கேட்கிறவள் என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும். தையல்காரிக்குக் கண்ணும் கையும்தான் வேலையில் இருக்கும், காது சும்மாதானே இருக்கிறது.

தில்லையம்மாள் மாகறலில் பயிர் செய்கிற குடும்பத்தில் பிறந்து, கூரத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள். புருஷன் தணிகாசலத்தோடு பிறந்தவர்கள் நான்கு பேர். எல்லாரும் ஒரே அடுப்பு. ஆண்களும் பிள்ளைகளும் சாப்பிட்டு எழுந்த பிறகு, தில்லையம்மாளும் அவள் ஓரகத்தி அன்னம்மாளும் சோற்றுப் பானையை நடுவில் வைத்துக்கொண்டு உட்காருவார்கள். குழம்பு பெரும்பாலும் தீர்ந்திருக்கும். ஊறுகாயோ வெங்காயமோ ஏதோ ஒன்று. ஆனாலும் சிரித்துச் சிரித்துப் புரையேறும் என்று சொல்வாள். பெண்கள் கடைசியில் மிச்சத்தைத் தின்பதை நான் நியாயம் என்று சொல்ல மாட்டேன். என் வீட்டில் எல்லாருக்கும் ஒன்றாகத்தான் தட்டு போடுவேன். ஆனால் அவளுக்கு அந்த மிச்சத்தில் ஒரு துணை இருந்தது.

தணிகாசலம் மஞ்சள் காமாலையில் போனான். குழந்தை கிடையாது. ஒரு வருஷத்தில் அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்துக்கொண்டார்கள். அன்னம்மாள் தன் புருஷனோடு நெய்வேலிப் பக்கம் போய்விட்டாள். தில்லையம்மாள் காஞ்சிபுரத்துக்கு வந்து, எல்லம்மாள் வீட்டுத் தறிக்கு ராட்டையில் பட்டு நூல் சுற்றிக் கொடுத்துப் பிழைத்தாள். அப்போது அவளுக்கு நாற்பது வயசு இருக்கும்.

வந்த புதிதில் ஒரு நாள் சொன்னாள்.

"தனியா குந்திக்கினு துன்னா, நான் மெல்லற சத்தம் எனக்கே கேக்குதுமா. அது காதுல வுழுந்ததும் சோறு தொண்டைய வுட்டு எறங்க மாட்டேங்குது."

நான் அவளைச் சாப்பிடக் கூப்பிட்டேன். இரண்டு தடவை வந்தாள். மூன்றாவது தடவை வரவில்லை. "தெனம் வந்து குந்தினா சோத்துக்கு வந்தவன்னு ஆயிடும்" என்றாள். அவளுக்கு வீம்பு உண்டு. எனக்கும் உண்டு. ஆகையால் நானும் விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு அவள் அடுப்பு பல நாள் எரியவே இல்லை. ஒரு நாள் கிணற்றடியில் அங்கம்மாள், "இன்னா தில்ல, பொகையே காணோம், இன்னிக்கி சமைக்கலையா?" என்று கேட்டாள். சாப்பிடப் பிடிக்கவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு தில்லையம்மாள், "விரதம்கா" என்றாள். நல்லவேளையாக அன்றைக்குக் கிருத்திகை. அங்கம்மாள் கையெடுத்துக் கும்பிடாத குறை. அடுத்த முறை சஷ்டி. அப்புறம் சோமவாரம், வெள்ளிக்கிழமை, ஏகாதசி. எங்கள் ஊரில் விரதத்துக்கு நாள் தேட வேண்டியதே இல்லை, சாப்பிடுவதற்குத்தான் நாள் பார்க்க வேண்டும்.

இதோடு நின்றிருந்தால் ஊரில் பத்துப் பேரில் ஒருத்தி என்று போயிருக்கும். அங்கம்மாள்தான் அடுத்த கதவைத் திறந்துவிட்டாள். மகனுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று சஷ்டி விரதம் நேர்ந்துகொண்டவளுக்கு, பட்டினி கிடந்தால் மயக்கம் வரும் என்று டாக்டர் கண்டித்துச் சொல்லிவிட்டார். சாமிக்கும் டாக்டருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவள் நேராகத் தில்லையம்மாளிடம் வந்தாள்.

"என் பேர்ல நீ இரு தில்ல. பலன மட்டும் எனக்கு வுட்டுடு."

அதற்கு ஒரு முறையையும் அவர்களே ஏற்படுத்திக்கொண்டார்கள். யாருக்காக விரதமோ அவர்கள்தான் சாயங்காலம் சாப்பாடு கொண்டுவந்து தங்கள் கையால் பரிமாற வேண்டும். கடைசிப் பிடி வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். கூடவே ஒரு பிடியாவது தாங்களும் சாப்பிட வேண்டும். இல்லாவிட்டால் பலன் கை மாறாதாம். எந்த சாஸ்திரத்தில் இருக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள். அங்கம்மாளின் மகனுக்கு வேலை கிடைத்துவிட்டது. அதுவே சாஸ்திரமாகிவிட்டது.

பிறகு தெருவே வந்தது. பெண்ணுக்கு வரன் அமைய வேண்டும், மாமியாருக்குக் கண் தெரிய வேண்டும், புருஷன் சீட்டாட்டத்தை விட வேண்டும். எல்லாவற்றுக்கும் தில்லையம்மாள் பட்டினி. சாயங்காலம் ஆனால் யாராவது ஒருத்தி தூக்குப் பாத்திரத்தோடு சந்துக்குள் நுழைவாள். சர்க்கரைப் பொங்கல், வடை, அப்பளம், எண்ணெய் மிதக்கும் புளியோதரை. பகலெல்லாம் காய்ந்து கிடந்த வயிற்றில் இவையெல்லாம் போய் விழும். இரவு வயிறு எரிகிறது என்று மோர் கேட்டு என் கதவைத் தட்டுவாள்.

எனக்கு எரிச்சலாக வரும். இவளுக்கு என்ன தலையெழுத்து, ஊராருக்கெல்லாம் இவளா பட்டினி கிடக்க வேண்டும் என்று நினைப்பேன். ஒரு நாள் வெளிச்சம் மங்குகிற நேரத்தில் ஜன்னல் வழியாக அவளைப் பார்த்தேன். அறையைப் பெருக்கி, பாய் விரித்து, இரண்டு தட்டைத் துடைத்து எதிரெதிரே வைத்திருந்தாள். தலை வாரிப் பூ இல்லாத கொண்டையைச் சரி செய்துகொண்டாள். சந்துமுனையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பசித்தவள் அப்படி நிற்க மாட்டாள். விருந்தாளிக்காகக் காத்திருப்பவள்தான் அப்படி நிற்பாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒரு வேளை சோற்றுக்குத் துணை வேண்டும் என்று இவள் நாள் முழுக்கப் பட்டினி கிடக்கிறாள். மனசு கனத்துப்போய் அன்றைக்கு நான் அதற்குமேல் தைக்கவில்லை.

சித்திரையில் ஒரு நாள் ராட்டைச் சத்தம் நின்றுபோய்த் தடால் என்று ஒரு சத்தம் கேட்டது. என்னிடம் சீருடைக்கு அளவு கொடுக்க நர்ஸ் மேரி வந்திருந்தாள். நகராட்சிப் பிரசவ ஆஸ்பத்திரியில் வேலை, குரல் சற்று உரத்த மனுஷி. இரண்டு பேரும் ஓடினோம். தில்லையம்மாள் நூலின்மேல் சாய்ந்து கிடந்தாள். தண்ணீர் தெளித்ததும் கண் விழித்தாள். மேரி அவள் கீழ் இமையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள், நகத்தைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, கதவைச் சாத்தச் சொன்னாள்.

"மாசா மாசம் எத்தினி நாளுமா போவுது?"

தில்லையம்மாள் சுவரைப் பார்த்தாள்.

"சொல்லுமா. நான் பாக்காததா?"

"பத்து நாளு. ஒரொரு மாசம் அதுக்கும் மேல."

"நாலாம் நாளே தலைக்கு ஊத்திக்கினு பூஜை பண்றியேமா!" என்றேன் நான்.

காரணத்தை அவள் சொல்ல வேண்டியதே இல்லை. தூரமான நாட்களில் எங்கள் தெருவில் யாரும் அவள் வாசல் பக்கம் வர மாட்டார்கள். பத்து நாளும் உள்ளபடி உட்கார்ந்தால், பத்து நாளும் மனுஷ வாடை கிடையாது. அதனால் முடிந்துவிட்டது என்று பொய் சொல்லிவிட்டு, ரத்தம் போகப் போக விரதம் இருந்திருக்கிறாள்.

மேரி இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தாள். ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னாள். "கேவுரு, முருங்கக்கீரை, முட்டை, காராமணி. ஆட்டுச் சுவரொட்டி, அதான் மண்ணீரலு, கெடைச்சா வாங்கி வதக்கித் துன்னு. காலைல ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, ராவுல ஒண்ணு, மூணு வேளையும் வயித்துல சோறு வுழணும். இந்தப் பட்டினிய வுடலேன்னா ஒரு நாளு இதே மாதிரி வுழுவ, எழுந்துக்க மாட்ட" என்று முகத்துக்கு நேராகச் சொன்னாள்.

தில்லையம்மாள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "மாத்திரைய தண்ணியில முழுங்கினா விரதம் கெடாதில்ல?"

மேரி தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்த வாரத்திலேயே எல்லம்மாள் வந்தாள். அவள் மகன் வரதராஜனுக்குக் கல்யாணமாகி நான்கு வருஷம். மருமகள் தேவகி ஆரணிப் பெண், எட்டாவது வரை படித்தவள். இன்னும் குழந்தை இல்லை. எல்லம்மாள் கெட்டவள் இல்லை. ஆனால் ஒரு காரியத்தை நினைத்துவிட்டால் எதிரில் இருப்பவருக்கு மூச்சு இருக்கிறதா என்று பார்க்க மாட்டாள். ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், பகலில் பச்சைத் தண்ணீர் மட்டும், பொழுது சாய்ந்து ஒரு வேளைச் சாப்பாடு. தூரமான நாட்களைக் கழித்துவிட வேண்டும். தேவகி தினமும் வந்து பரிமாறுவாள். முடிந்ததும் பட்டுப் புடவை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. எல்லம்மாள் போனதும் தில்லையம்மாளைப் பிடித்துக்கொண்டேன். "உனக்கு மூளை இருக்குதா? மேரி இன்னா சொல்லிட்டுப் போனா? சாவப் போறியா?"

அவள் மெதுவாகச் சொன்னாள். "ஒரு மண்டலம்மா. தெனம் சாயங்காலம் ஒருத்தர் வருவாங்க."

எழுந்து வந்துவிட்டேன். அன்றைக்கு மிஷினில் ஊசி உடைந்தது.

தேவகி முதலில் வாயே திறக்க மாட்டாள். பரிமாறுவாள், உட்காருவாள், பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போவாள். மாமியார் அனுப்பிய வேலை. ஒரு வாரம் போனதும் பேச்சுக் குரல் கேட்டது. பிறகு சிரிப்பு. ஆரணியில் பார்த்த சினிமா, அவள் தம்பி செய்த சேஷ்டை, பள்ளிக்கூடத்து டீச்சர் நடக்கிற நடை. தில்லையம்மாள் கூரத்துக் கதைகளைச் சொல்வாள். இரண்டு பேரும் சிரித்துப் புரையேறித் தண்ணீர் தேடுகிற சத்தம் எனக்குக் கேட்கும். காதுக்கு நன்றாக இருக்கும். மறுநாள் காலையில் தில்லையம்மாள் தண்ணீர்க் குடத்தைத் தூக்க முடியாமல் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் அந்தச் சந்தோஷமெல்லாம் போய்விடும்.

நடுவில் தூரம் வந்தது. தேவகி வரவில்லை. தில்லையம்மாள் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாள். நாலாம் நாள் காலையில் தலை முழுகிவிட்டு, "ஆயிட்டுது, இன்னிலேருந்து வரச் சொல்லு" என்று எல்லம்மாளுக்குச் சொல்லி அனுப்பினாள். ஆகவில்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

சாயங்காலம் தேவகி வந்தாள். சாப்பிட்டு முடித்துத் தில்லையம்மாள் எழுந்தபோது பாயில் கறை. அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தேவகி கத்திக்கொண்டு வெளியே ஓடுவாள், தெரு கூடப் போகிறது என்று நான் பயந்தே போனேன். சத்தமே இல்லை. கொஞ்ச நேரத்தில் தேவகி பாயைச் சுருட்டிக்கொண்டு கிணற்றடிக்கு வந்தாள். தேய்த்துக் கழுவிக் கொடியில் போட்டாள். என் ஜன்னலுக்கு அருகில் நின்று, "அந்த நர்ஸம்மா இன்னா சாப்பிடச் சொன்னாங்க?" என்று கேட்டாள். சொன்னேன்.

மறுநாள் மத்தியானம், எல்லம்மாள் சாப்பிட்டுக் கண்ணயர்ந்த நேரத்தில், தேவகி முந்தானைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு சந்தைத் தாண்டி வந்தாள். கேழ்வரகு அடை. முருங்கைக்கீரை வாசனை என் மிஷின் வரைக்கும் வந்தது.

"யக்கா, சாப்புடு."

"பொழுது சாயலியே."

"அது சாயறப்போ சாயட்டும். சூடு ஆறிடும், நீ சாப்புடு."

"பைத்தியமா உனக்கு? உன் நல்லதுக்குத்தானே இருக்கறேன். உனக்கு ஒரு புள்ள வேணாவா?"

"வேணும்தான். யாருக்கா வேணாம்னு சொல்லுவா? ஆனா உன்ன ரத்தமா வடிய வுட்டு எனக்கு ஒரு புள்ள வேணாம். பெத்தா அத எப்டிக்கா நான் கொஞ்சுவேன்?"

பிறகு தில்லையம்மாளின் குரல் வந்தது. அந்தக் குரலில் நான் அவள் பேசி அதுவரை கேட்டதில்லை.

"இப்ப சாப்ட்டுட்டா, சாயங்காலம் நீ இன்னாத்துக்கு வரணும்? வர மாட்ட. யாரும் வர மாட்டாங்க."

என் கால் மிஷின் மிதியில் அப்படியே நின்றது. இத்தனை நாளாக எனக்குத் தெரிந்ததுதான். ஆனால் அவள் வாயால் அது வந்தபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

தேவகி தட்டு வைக்கிற சத்தம் கேட்டது, இரண்டு தடவை. "எனக்கும் பசிக்குதுக்கா. எல்லாரும் சாப்ட்டு முடிஞ்சு எனக்குச் சட்டியில இன்னா இருக்கும்? சுரண்டினா ஒரு புடி. அத நின்னுக்கினே போட்டுக்கினு வேலைய பாக்க வேண்டியதுதான். எனக்கும் ரெண்டு நாளா கண்ண இருட்டிக்கினு வருது. ரெண்டு பேருமே துன்னலாம் வா" என்றாள்.

அதிலிருந்து தினமும் மத்தியானம் இரண்டு தட்டு. சாயங்காலம் எல்லம்மாளின் கண்ணுக்காக மறுபடியும் இரண்டு தட்டு. நான் மேரியிடம் சொன்னேன். அவள் தில்லையம்மாளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். ஊசி போட்டார்கள், மாத்திரை கொடுத்தார்கள். ரத்தப்போக்கு அடங்கியது. மண்டலம் முடிகிற சமயத்தில் தில்லையம்மாள் இடுப்பில் குடத்தோடு நின்று பேசுகிற அளவுக்கு வந்துவிட்டாள். தெரு அதையும் விரதத்தின் மகிமை என்றது. சொல்லிவிட்டுப் போகட்டும் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

மண்டலம் முடிந்த அன்று எல்லம்மாள் தாம்பாளத்தில் அரக்குப் பட்டுப் புடவையும் பழமும் தேங்காயும் வைத்து எடுத்து வந்தாள். பின்னால் தெருப் பெண்கள். தேவகி கடைசியில் நின்றாள். தில்லையம்மாள் வாங்கிக்கொள்ளத்தான் போனாள், கையை நீட்டிவிட்டாள். நான் பார்த்தேன். வாங்கியிருந்தால் ஒரு குறையும் வந்திருக்காது. தெரு அவளைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடியிருக்கும், சாயங்காலத்துக்குச் சாயங்காலம் ஆள் வந்திருக்கும்.

அந்த நேரம் பார்த்து எல்லம்மாள் சந்தோஷத்தில் சொன்னாள். "ஆடியில அடுத்த மண்டலம் வெச்சிக்கலாம் தில்ல. இந்தத் தடவ தேவகியும் உங்கூட இருக்கட்டும். ரெண்டு பேரா பட்டினி கெடந்தா அம்மன் சீக்கிரம் கண்ணத் தொறப்பா."

தில்லையம்மாளின் கை பின்னால் போனது. தேவகியை ஒரு தரம் பார்த்தாள்.

"பொடவ எனக்கு வேணாங்கா" என்றாள். "நான் விரதம் இருக்கல. பகல்ல சாப்ட்டுக்கினுதான் இருந்தேன்."

எல்லம்மாளுக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. "இன்னா சொல்ற? யாரு குடுத்தா?"

"யாரும் குடுக்கல. நானே ஆக்கித் துன்னேன்."

"பாவி! எங்குடும்பத்து நேர்த்திய கெடுத்துட்டியே!"

"கெடுத்துட்டேங்கா. ஆனா ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. பட்டினி கெடந்து நான் செத்துப் பொழைச்சேன். ஒடம்புல ரத்தம் இருந்தாத்தான் பொம்பளைக்கு எதுவும். அந்தப் பொண்ணுக்கு மொதல்ல நேரத்துக்கு வயிறு நெறைய சோறு போடு. அப்பறமா சாமிய கேளு."

எல்லம்மாள் தாம்பாளத்தோடு திரும்பிப் போனாள். மற்றவர்களும் ஒவ்வொருத்தியாகப் போனார்கள். அங்கம்மாள் மட்டும் வாசலில் நின்று, "அப்போ எம்மவன் வேலைக்கு இருந்தியே, அதுவாச்சும் மெய்யா?" என்று கேட்டாள். "மெய்தாங்கா" என்று தில்லையம்மாள் சொன்ன பிறகுதான் நகர்ந்தாள். அதற்கு மேல் அவளுக்கும் வேலை இருக்கவில்லை.

அதோடு நின்றது. மாற்று விரதத்தின்மேல் தெருவுக்கே நம்பிக்கை போய்விட்டது, தேவகியைப் பட்டினி போடுகிற பேச்சும் அதோடு போனது. எல்லம்மாள் வீட்டு நூல் நின்றது. அடுத்த தெருவில் ஒரு வீட்டில் நூல் கிடைத்ததால் பிழைப்புக்குக் குறைவில்லை. தேவகி சந்தைத் தாண்டக்கூடாது என்று உத்தரவு. சாயங்காலம் யாரும் வரவில்லை. தில்லையம்மாள் மட்டும் பழக்கம் விடாமல் பாய் விரித்து இரண்டு தட்டைத் துடைத்து வைப்பாள். இருட்டியதும் இரண்டையும் எடுத்துக் கழுவி வைப்பாள். அதைப் பார்க்கப் பொறுக்காமல் நான் ஜன்னலைச் சாத்திக்கொள்வேன். மறுபடியும் அடுப்பை அணைத்துவிடுவாள் என்று தினம் பயந்தேன்.

ஒரு நாள் மத்தியானம் எதிர் வீட்டுச் சமையலறை ஜன்னலில் தேவகி வந்து நின்றாள். கையில் தட்டு. பேசவில்லை. தட்டை மட்டும் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள். தில்லையம்மாள் உள்ளே போய்த் தன் தட்டை எடுத்துவந்து வாசற்படியில் உட்கார்ந்தாள். அவள் ஒரு பிடி, இவள் ஒரு பிடி. நடுவில் சந்து, நாயும் சைக்கிளும் போய்க்கொண்டிருந்தன. முடிந்ததும் தேவகி காலித் தட்டைக் கவிழ்த்துக் காட்டுவாள். இவளும் கவிழ்த்துக் காட்டுவாள். ஆடியிலிருந்து தை வரைக்கும் அது தவறவே இல்லை. அந்தத் தீபாவளிக்குத் தில்லையம்மாள் பழைய ரவிக்கைகளை எடுத்து வந்து, "பிடிச்சத பிரிச்சு வுடும்மா, கையி இறுக்குது" என்றாள். என் தையலைப் பிரிப்பதில் அன்றைக்கு வந்த சந்தோஷம் எனக்கு வேறு எப்போதும் வந்ததில்லை.

தை பிறந்ததும் வரதராஜனுக்கு ஆரணியில் தறி வேலை அமைந்து தனிக் குடித்தனம் போனார்கள். தேவகிக்கு அப்புறம் குழந்தை பிறந்ததா என்று இதைக் கேட்கிறவர்களெல்லாம் கேட்கிறார்கள். நான் சொல்வதில்லை. தெருவே அந்தப் பெண்ணின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தது போதாதா? வண்டி ஏறுகிறபோது மாமியார் பக்கத்தில் இருந்ததால் அவளால் சந்துப் பக்கம் வர முடியவில்லை. திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். தில்லையம்மாள் வாசலில் நின்றாள், கையைக்கூட ஆட்டவில்லை.

மறுநாள் மத்தியானம் எதிர் ஜன்னல் சாத்தியிருந்தது. தில்லையம்மாள் வழக்கம்போல் தட்டோடு வாசற்படியில் வந்து உட்கார்ந்தாள். சோறு, முருங்கைக்கீரைப் பொரியல், பக்கத்தில் ஒரு முட்டை. கையை வைக்கவில்லை. ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். சோறு ஆறிக்கொண்டிருந்தது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. என் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு சந்துக்குள் போய், அவள் பக்கத்தில் உட்காரக் குனிந்தேன்.

"குந்தாதம்மா" என்றாள். கோபமாக இல்லை, கெஞ்சுகிற மாதிரி. "நீ இப்ப குந்திட்டா நாளைக்கும் உன்ன தேடுவேன். நாளன்னிக்கும் தேடுவேன். இன்னிக்கி நானே சாப்ட்டு பாக்கறேன்."

எனக்கு அழுகை வந்தது. அங்கே நிற்காமல் திரும்பி வந்து மிஷின் முன்னால் உட்கார்ந்தேன். மிதிக்கவில்லை. மிஷின் சத்தத்தில் அவள் சாப்பிடுகிறாளா இல்லையா என்று தெரியாமல் போய்விடும் என்று பயம். அவள் உள்ளே எழுந்து போவதும், சந்துக் கதவு சாத்திக்கொள்வதும் கேட்டது. அதற்குப் பிறகு ரொம்ப நேரம் எதுவும் கேட்கவில்லை. என் தட்டிலும் சோறு அப்படியே இருந்தது.

கதவு திறந்தது. தில்லையம்மாள் கிணற்றடிக்கு வந்தாள். சாம்பல் தொட்டுத் தேய்த்துத் தட்டைக் கழுவினாள். வெயிலில் காயட்டும் என்று சுவரில் சாய்த்து வைத்தாள். எப்போதும் இரண்டாகக் கழுவுகிறவள் அன்றைக்கு ஒரு தட்டுதான் கொண்டுவந்திருந்தாள்.

என் ஜன்னலைப் பார்த்து, "எறங்கிச்சும்மா" என்றாள்.

உள்ளே போய் ராட்டையைச் சுற்றத் தொடங்கினாள். நான் ஆறிப்போன சோற்றைப் பிசைந்தேன்.